பருந்துகளின் கடைக்குட்டி

வோஞ்சு நகரத்துப் பருந்துகள் மலைசைக்கிள் சங்கத்தில் தக் மன்சிக்குக்கு வயது ஐம்பத்தொன்பது, பதவி கடைக்குட்டி. சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம், சங்கத்திலும் எல்லோரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். சேர்ந்த அன்று வைத்த பெயர் பத்து வருடம் கழித்தும் அவர் தலையை விட்டு இறங்கவில்லை. அவருக்குப் பிறகு சங்கத்தில் யாரையும் சேர்த்துக்கொள்ளவும் இல்லை. கடைக்குட்டிக்கு என்ன வேலை என்பதை எங்கள் ஊரில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாப்பாட்டு மேசையில் பன்றி இறைச்சியைப் புரட்டிப் புரட்டிச் சுட வேண்டும், கத்தரிக்கோலால் துண்டு போட வேண்டும், ஒவ்வொருவர் கிண்ணத்திலும் இரண்டு கையாலும் சோஜு சாராயம் ஊற்ற வேண்டும். தனக்கு ஊற்றினால் முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு குடிக்க வேண்டும். கறி கருகினால் திட்டு அவருக்கு, கருகாவிட்டால் கறி மற்றவர்களுக்கு.

வயது முடிவானது முதல் நாள் விருந்தில். தலைவர் வூ தேக்-சூ, தரை ஓடு வியாபாரி, கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்த வருஷம்?" என்று கேட்டார். பன்னிரண்டு மிருகங்களின் பெயரில் சுழலும் எங்கள் வருடக் கணக்கில் பாம்பு வருஷம் என்றார் மன்சிக். "அட, நான் டிராகன்! ஒரு வருஷம் மூத்தவன். இனிமே நீ தம்பி, நான் அண்ணன்" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார் தலைவர். பக்கத்திலிருந்த பல் டாக்டர் கூக் ஜுங்-ஹா தன்னை முயல் என்றார், அதாவது இன்னும் மூத்தவர். அவருக்கு அடுத்தவர் புலி, அதற்கடுத்தவர் மாடு. மேசையைச் சுற்றி எல்லோரும் பாம்புக்கு மேலேயே இருந்தார்கள். ஒரே சாயங்காலத்தில் இத்தனை அண்ணன்மார் கிடைத்ததில் மன்சிக்குக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து அவர்கள் அவரை "டேய்" என்றார்கள், அவர் அவர்களை "அண்ணே, சொல்லுங்க" என்றார். முதல் கிண்ணத்தோடு முடிவான வரிசையை எங்கள் பக்கத்தில் யாரும் இரண்டாம் தடவை கிளற மாட்டார்கள். அண்ணன் என்று சொன்னவனிடம் அடையாள அட்டையைக் கேட்பது அவன் அப்பன் யார் என்று கேட்பதற்குச் சமம்.

சங்கம் இல்லாவிட்டால் மன்சிக்குக்கு என்ன இருந்தது என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பதுதான் பதில். வேலை ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கொதிகலன் அறையில். குழாயில் வெந்நீர் வந்தால் அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது, வராவிட்டால் மட்டும் கதவைத் தட்டுவார்கள். மனைவி பிரிந்துபோய்ப் பல காலம் ஆயிற்று. சாங்வோனில் இருக்கும் மகள் பண்டிகைக்கு ஒரு தடவை பேசுவாள், அதுவும் அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்தவள் போல. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அவருடைய கைப்பேசி அடிக்கும். "டேய் மன்சிக், எங்கடா இருக்க? வெள்ளரிக்காய் வாங்கிட்டியா?" அந்த 'டேய்' கேட்டால்தான் அவருக்கு அந்த வாரம் விடிந்தது மாதிரி.

அந்த வருடக் கோடைப் பயணத்துக்குத் தலைவர் கை காட்டிய இடம் சோல்கோக். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்கள் மொய்க்கும் மலைக் கிராமம் அது. கோடையில் சறுக்குப் பாதைகளில் புல் முளைத்து, கம்பிவடத்தில் தொங்கிப்போகும் கோண்டோலாவில் பனிப்பலகைக்குப் பதில் சைக்கிள் ஏறும்.

"டேய், இந்தத் தடவை சும்மா பயணம் இல்ல" என்றார் பல் டாக்டர். "தலைவருக்கு அறுபது முடியுது. மலை மேல வச்சு ஜாம்ஜாம்னு கொண்டாடணும். முழுப் பொறுப்பும் உன்னோடது."

"அய்யோ, பொறுப்பெல்லாம் எதுக்கு அண்ணே, நான் செய்ய மாட்டேனா?"

"விழுந்து கும்பிடுறதுக்குப் பட்டு மெத்தை எல்லாம் வேணும்டா. அதுக்கும் சேர்த்து ஏற்பாடு பண்ணிடு" என்றார் தலைவர். மேசையில் இரண்டு மூன்று பேர் குனிந்து தங்கள் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நெகிழ்ந்துபோயிருப்பதாக மன்சிக் நினைத்துக்கொண்டார். அவர் நினைப்பு எப்போதும் அப்படித்தான் போகும்.

திட்டம் போடுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, அதை அவரைப் பிடிக்காதவர்களும் ஒத்துக்கொள்வார்கள். பெருமழைக்காலம் முடிந்து புயல்கள் தொடங்குமுன் நடுவில் ஒரு வாரம் மலை நன்றாக இருக்கும். அந்த வாரத்தைப் பிடித்தார். குறட்டை விடுகிறவர்களை ஓர் அறையிலும் தூக்கம் வராதவர்களை வீட்டின் மறுகோடியிலும் போட்டார். தரையில் உட்காரத் தலைவரின் முட்டி ஒத்துக்கொள்ளாது என்று நாற்காலி சொல்லிவைத்தார். வேனில் யாருக்கு வளைவு ஒத்துக்கொள்ளாது, யாரை முன்னால் உட்கார வைக்க வேண்டும், யாருக்கு வெள்ளரி வாசனையே ஆகாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். கொதிகலன் அறையில் உட்கார்ந்து மலையின் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டேயிருப்பார். உச்சிக் கோண்டோலா நிலையத்திலிருந்து இடப்பக்கம் இறங்கினால் சரளைக்கல், மழைக்குப் பிறகு சக்கரம் வழுக்கும். வலப்பக்கம் லார்ச் மரக்காட்டு வழியாக வளைந்து வளைந்து இறங்கினால் தலைவரின் தொந்திக்கும் ஆபத்தில்லை, பல் டாக்டரின் சூரத்தனத்துக்கும் குறைவில்லை. சங்கத்தின் கைப்பேசிக் குழுவில் அவர் எதை எழுதிப்போட்டாலும் ஒன்பது பேரும் சிரிப்புப் படம் அனுப்பினார்கள். எல்லோரும் உற்சாகமாக இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டார்.

எங்கள் ஊர்ச் சங்கங்களில் பயணத்துக்கு முன்னால் செயலாளர் ஒருதரம் தனியாகப் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பருந்துகளில் அந்த வேலையும் கடைக்குட்டி தலையில்தான், மன்சிக் விடுப்பு எடுத்துக்கொண்டு பேருந்தில் சைக்கிளை ஏற்றிப் போனார். கருவாட்டுப் பந்தல்கள் மீன் இல்லாமல் வெறும் கம்புகளாக நின்றன, பனிப்பலகை வாடகைக் கடைகள் பூட்டிக் கிடந்தன. லார்ச் காட்டுப் பாதையை இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு, உடம்பெல்லாம் சேறாகத் தங்கும் விடுதிக்கு வந்தார். விடுதிக்காரி ஓ மல்-சுன் ஒரு வாளித் தண்ணீரும் ஒரு கிண்ணம் மக்கொல்லி அரிசிக் கள்ளும் கொண்டுவந்து வைத்தாள். வாய் ஓயாத பொம்பளை.

"யாருக்குங்க விசேஷம்? பட்டு மெத்தை எல்லாம் கேட்டீங்களாமே?"

"எங்க தலைவருக்கு அறுபது. வூ தேக்-சூ அண்ணன். வோஞ்சுல பெரிய ஓட்டுக் கடை."

"எந்த தேக்-சூ? இடது காது கொஞ்சம் மடங்கியிருக்குமே, அவனா?"

"ஆமாங்க, உங்களுக்குத் தெரியுமா?"

அவள் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். "தெரியுமாவா! கீழ்ப் பள்ளத்தாக்குல எங்க வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரன். மூக்கு ஒழுகிக்கிட்டே என் பின்னாலேயே பள்ளிக்கூடம் வருவான். அவனுக்கு ஏதுங்க அறுபது? நானும் அவனும் குதிரை வருஷம். அவன் பிறந்து ரெண்டு மாசத்துல நான். எங்கம்மாவுக்குப் பால் சுரக்கலைன்னு அவங்கம்மாதான் எனக்கும் கொடுத்தாங்க."

மன்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். குதிரை என்றால் பாம்புக்கு அடுத்தது. பாம்புதான் மூத்தது.

"நல்லா ஞாபகம் இருக்கா? குதிரையா?"

"பால் குடிச்ச கணக்கை மறப்பாங்களாய்யா?"

அன்று ஊர் திரும்பும் பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் பார்க்கவே இல்லை. பத்து வருடமாக இரண்டு கையாலும் ஊற்றிய சோஜு, முகம் திருப்பிக் குடித்த கிண்ணங்கள், தலைவரின் சைக்கிளிலிருந்து கழுவிய சேறு, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நெஞ்சில் உட்கார்ந்தன. ஒரு தடவை மழையில் தன் மேலங்கியைக் கழற்றித் தலைவருக்குப் போர்த்தி, காய்ச்சல் வந்து படுத்தார். "தம்பின்னா இப்படி இருக்கணும்" என்று அப்போது தலைவர் சொன்னதை ஒரு பதக்கம் மாதிரி வைத்துக்கொண்டிருந்தார். பதக்கம் கொடுத்தவன் தம்பி. இத்தனை வயதில் முதல் தடவையாக அவருக்கு யார் மேலோ உண்மையான கோபம் வந்தது, பாவம், அதை எப்படிப் பிடிப்பது என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், அல்லது தலைவரைத் தனியாகக் கூப்பிட்டு, "தேக்-சூ, விஷயம் தெரியும், இனிமே கொஞ்சம் மரியாதையா நடந்துக்க" என்று சொல்லியிருக்கலாம். மன்சிக்குக்கு அது போதவில்லை. எல்லோர் முன்னாலும், அந்த வாயால், "அண்ணே, வாங்க" என்று ஒரு தடவை கேட்க வேண்டும். அதற்குப் பிறகு மறுபடி கறி சுடச் சொன்னாலும் சுடலாம், மூத்தவன் தன் விருப்பத்துக்குச் சுடுகிறான் என்று இருக்கும். கொதிகலன் அறையில் அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பழகினார்: "அப்படின்னா தேக்-சூ, நான்தானே அண்ணன்." மல்-சுன்னிடம் தொலைபேசியில், "விருந்து நடக்கும்போது நீங்க வந்து ஒரு கிண்ணம் ஊத்திட்டுப் போங்க, பழைய சிநேகிதி இல்லையா, சந்தோஷப்படுவார்" என்று மட்டும் சொல்லிவைத்தார். அவளும் சூது வாது தெரியாமல் சரி என்றாள்.

பயண நாள் வந்தது. வானம் துடைத்துவைத்த மாதிரி இருந்தது. அன்று சும்மா கீழ்ச்சரிவில் ஓட்டிப் பழகுவது, மறுநாள் காலையில் கோண்டோலாவில் ஏறி உச்சியிலிருந்து இறங்குவது, இதுதான் திட்டம். வெயில் சாயும் நேரத்தில் விடுதி முற்றத்தில் கரி கனன்றது. 'தலைவர் வூ தேக்-சூ அறுபது நிறைவு' என்று துணிப் பதாகை கட்டி, நாற்காலியில் பட்டு மெத்தை போட்டுத் தலைவரை உட்கார வைத்திருந்தார்கள். மன்சிக் இடுக்கியும் கத்தரிக்கோலுமாகப் புகைக்குள் நின்றார்.

"டேய் கடைக்குட்டி, முதல் கும்பிடு நீதான்" என்றார் பல் டாக்டர்.

"கறி கருகிடும் அண்ணே, ஒரு நிமிஷம்" என்று மன்சிக் சமையலறைப் பக்கம் பார்த்தார். மல்-சுன் மக்கொல்லிக் குடத்தோடு வந்துகொண்டிருந்தாள். நிஜமாகவே அறுபது என்று எழுதிக் கட்டியிருந்த பதாகையைப் படித்துவிட்டு முற்றத்தின் நடுவிலேயே நின்றுவிட்டாள்.

"டேய் தேக்-சூ! மூக்கொழுகி! எனக்கே அறுபதுக்கு இன்னும் ரெண்டு வருஷம் கெடக்கு, நீ எங்கடா போய் அதுக்குள்ள அறுபது ஆனே?"

மன்சிக் இடுக்கியைக் கீழே வைக்காமலே இரண்டடி முன்னால் வந்தார். பழகிவைத்த வாக்கியத்தைச் சொன்னார்.

"அப்படின்னா... தேக்-சூ... நான்தானே அண்ணன்."

முதலில் வெடித்தது பல் டாக்டர். வாயிலிருந்த சோஜு மூக்கு வழியாக வந்தது. அவரைத் தொடர்ந்து மேசை முழுவதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தது. தலைவர் பட்டு மெத்தையிலிருந்து உருண்டு தரையில் விழுந்து சிரித்தார்.

"கண்டுபிடிச்சுட்டான்டா! கடைசியில கண்டுபிடிச்சுட்டான்!"

"நான் மூணு மாசம் தாங்காதுன்னு சொன்னேன், பத்து வருஷம் தாங்கிடுச்சு!"

"அவன் பாம்புன்னு சொன்ன உடனே இவர் டிராகன்னு விட்டார் பாரு, எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. சரி நம்ம பங்குக்குன்னு நானும் முயல்னு சொல்லிட்டேன். டேய் மன்சிக், நான் நாய் வருஷம்டா! ஐம்பத்துநாலு!"

"நான் ஆடு."

"நான் குரங்கு. உன்னைவிட மூணு வருஷம் சின்னவன்டா!"

ஒவ்வொருவராகத் தங்கள் வருடத்தைச் சொல்லச் சொல்ல, அடுத்தவரின் சிரிப்பு இன்னும் ஏறியது. அந்த முற்றத்தில் மன்சிக்கைவிட மூத்தவர் ஒருவரும் இல்லை. அறுபது நிறைவு என்பதே இந்த வருடத்து வேடிக்கையாகப் பல் டாக்டர் கண்டுபிடித்தது. மெத்தையும் பதாகையும் நாற்காலியும் அவர் எவ்வளவு தூரம் ஓடுகிறார் என்று பார்க்கத்தான். மல்-சுன் குடத்தை அப்படியே வைத்துவிட்டு, "என்னய்யா மனுஷங்க நீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்போது தலைவர் எழுந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார், இரண்டு கையையும் முன்னால் சேர்த்து இடுப்பு வரை குனிந்தார்.

"அண்ணே. தெரியாம பேசிட்டோம். வாங்க, இங்க உக்காருங்க."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நொடியில் மன்சிக்குக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர்கள் சிரித்த சிரிப்பைக்கூட மன்னித்துவிடலாம். அந்தப் பொய்க் கும்பிடுக்கு அவர் முகம் மலர்ந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. கேட்க ஆசைப்பட்டதைக் கேட்டுவிட்டாராம்.

அவர் கையிலிருந்த இடுக்கியைப் பல் டாக்டர் வாங்கிக்கொண்டார், இன்னொருவர் கத்தரிக்கோலை. மெத்தையில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் ஊற்றிக் கொடுத்து, எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு குடித்தார்கள். கொஞ்ச நேரம் அதுவும் வேடிக்கையாக இருந்தது. பிறகு வேடிக்கை வற்றிவிட்டது. கடைக்குட்டி இல்லாமல் யாரைக் கிண்டல் பண்ணுவது, யாரை ஏவுவது என்று தெரியவில்லை. மேசையின் தலைப்பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தால் ஆபாசக் கதைகூடச் சொல்ல முடியாது. மன்சிக் எதையாவது பேச வாயெடுத்தால், "சரிங்க அண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கம் திரும்பிக்கொண்டார்கள். கறி கருகியது. யாரும் யாரையும் திட்டவில்லை.

"அண்ணனைப் போய் இனிமே செயலாளரா வச்சு வேலை வாங்கினா ஊர் காறித் துப்பாது?" என்றார் தலைவர். "அண்ணனை ஆலோசகர் ஆக்கிடலாம். என்னப்பா சொல்றீங்க?"

எல்லோரும் கைதட்டினார்கள். எங்கள் பக்கத்துச் சங்கங்களில் ஆலோசகர் என்றால் என்ன என்று மன்சிக்குக்கு நன்றாகத் தெரியும். பெயர் பலகையில் இருக்கும், பயணத்தில் இருக்காது. யாரும் அவரிடம் ஆலோசனை கேட்க மாட்டார்கள்.

"நான் செயலாளராவே இருக்கேனே" என்றார். "எனக்குச் சிரமமே இல்ல."

"உங்களுக்கு இல்லீங்க அண்ணே, எங்களுக்குச் சிரமம்" என்றார் பல் டாக்டர், கறியைப் புரட்டிக்கொண்டே. "டேய்னு கூப்பிட முடிஞ்ச வரைக்கும் நல்லா இருந்துச்சு. விளையாட்டு முடிஞ்சுபோச்சு, அவ்வளவுதான்."

மறுநாள் காலையில் மன்சிக் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, தலைக்கவசமும் முட்டிக் காப்பும் மாட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார். சைக்கிள்கள் ஒன்பதும் வரிசையாகக் கோண்டோலா நிலையத்துக்குக் கிளம்பத் தயாராக நின்றன. அவருடையது இல்லை.

"அண்ணே, எழுந்துட்டீங்களா? உங்க சைக்கிளைக் கட்டி வேன்ல ஏத்திட்டோம்" என்றார் தலைவர். "இந்த வயசுல உச்சியில இருந்து இறங்கி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா உங்க மகளுக்கு யாரு பதில் சொல்றது? நீங்க நிம்மதியா மீன் சாறு குடிச்சுட்டு ஓய்வெடுங்க."

"போன வாரம் நான் ரெண்டு தடவை இறங்கினேனே. பாதையே நான் பார்த்து வச்சதுதானே."

"அதான் பார்த்து வச்சுட்டீங்களே, இனி எங்களுக்குத் தெரியும்."

மன்சிக் தலைவரின் சைக்கிள் பிடியைப் பிடித்துக்கொண்டார். மல்-சுன் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

"தேக்-சூ அண்ணே" என்றார். "நேத்து நான் பேசினதை மறந்துடுங்க. நீங்கதான் அண்ணன். எப்பவும் போல டேய்னே கூப்பிடுங்க. கறி நானே சுடறேன். ஒண்ணும் மாற வேண்டாம் அண்ணே."

தலைவர் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக, மிகவும் மரியாதையாக, பிடியிலிருந்து எடுத்துவிட்டார்.

"அய்யய்யோ, அதெப்படிங்க? முறைன்னு ஒண்ணு இருக்குல்லங்க, அண்ணே."

ஒன்பது பேரும் ஆளுக்கொரு தடவை தலை குனிந்துவிட்டுப் போனார்கள். மல்-சுன் சூடான சாற்றையும் சோற்றையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் முட்டிக் காப்பைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். மேலே உச்சியில் கோண்டோலாவை விட்டு இறங்கியவர்கள் இடப்பக்கச் சரளையை விட்டு, வலப்பக்கம் லார்ச் காட்டுப் பாதையில் திரும்பினார்கள். மண் ஈரம் சரியாக இருந்தது, வளைவுகள் தலைவரின் தொந்திக்கும் இதமாக இருந்தன, வழியில் யாரும் விழவில்லை. சங்கம் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு நல்ல பயணம் வாய்த்ததே இல்லை என்று அவர்கள் இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.